ஆம்ப் இல்லாமல் ஆம்ப் ஒலி: புதுச்சேரி, கடலூர் வீடுகளில் கிட்டார் ஒலிப்பதிவுக்கு முழுமையான வழிகாட்டி

முத்தியால்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் 40 வாட் வால்வு ஆம்பை (கிட்டார் ஒலிபெருக்கியை) அதன் ஒலி கனியும் அளவுக்குத் திறந்தால், மூன்றாவது வீட்டுக் குழந்தையும் தூக்கம் கலைந்து எழும். வால்வுகளும் ஸ்பீக்கரும் திணறும்போதுதான் அந்த ஆம்பின் சுவையே வெளிப்படும். சத்தத்தைக் குறைத்தால் சுவையும் போய்விடும். ஆம்ப் மாடலிங் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. கிட்டாரின் சிக்னல் நேரே கணினிக்குள் போகிறது, ஆம்பும் ஸ்பீக்கரும் மைக்கும் அங்கே கணக்காக நடக்கின்றன, ஹெட்போனில் ஒலி வருகிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற ஆம்ப் மாடலிங் கருவி வந்தபோது இந்த வழி வீடுகளுக்குள் பரவியது. இன்று இலவச மென்பொருளே அதைத் தாண்டிப் போய்விட்டது.

மைக் இல்லாததால் நம் ஊருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கத்திரி வெயிலில் ஃபேனை ஓட விட்டே பதிவு செய்யலாம். ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரை நோக்கிப் போகும் மேளமும் பதிவில் விழாது.

எந்த ஆம்ப் மாடல் நல்லது என்று தேடுவதிலேயே பலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஒலியை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டு முனைகள்: கிட்டார் சிக்னல் உள்ளே நுழையும் இடம், கேபினெட் எனும் ஸ்பீக்கர் பெட்டி வழியாக அது வெளியேறும் இடம். நடுவில் இருக்கும் ஆம்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் இந்த வழிகாட்டி அந்த இரண்டு முனைகளில்தான் அதிக நேரம் நிற்கும்.

என்னென்ன வேண்டும்

எலெக்ட்ரிக் கிட்டார், 3 மீட்டர் கேபிள், இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), 8 ஜிபி ரேம் உள்ள கணினி, காதை மூடும் ஹெட்போன். இவை போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, யுனிவர்சல் ஆடியோ வோல்ட் 1 போன்ற ஒற்றைக் கிட்டாருக்கான இன்டர்ஃபேஸ் எதுவானாலும் வேலை நடக்கும். பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் நல்ல தேர்வு. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டிலேயே ஆம்ப் மாடல்கள் இருக்கின்றன.

ஆம்ப் மென்பொருளுக்கு முதலில் காசு செலவழிக்க வேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலர், சுருக்கமாக என்ஏஎம், ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள். உண்மையான ஆம்ப் ஒன்றின் உள்ளேயும் வெளியேயும் போகும் சிக்னலை ஒப்பிட்டு, அதன் நடத்தையை நரம்பு வலை கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்ற ஆம்ப் கோப்புகளை ஆயிரக்கணக்கானோர் இலவசமாகப் பகிர்ந்திருக்கிறார்கள். ஆம்ப்ளிட்யூப், கிட்டார் ரிக் இரண்டுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. நியூரல் டிஎஸ்பி நிறுவனத்தின் பிளக்இன்களை (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்களை) 14 நாள் சோதித்துப் பார்க்கலாம்.

ஹீலிக்ஸ், எச்எக்ஸ் ஸ்டாம்ப், பாஸ் கட்டானா போன்ற ஆம்ப் மாடலிங் கருவி ஏற்கெனவே கையில் இருந்தால் தனி இன்டர்ஃபேஸ் தேவையில்லை. அவற்றின் யூஎஸ்பியே இன்டர்ஃபேஸாக வேலை செய்யும்.

முதல் முனை: சிக்னல் நுழையும் இடம்

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இங்கே இழந்த ஒலியைப் பின்னால் எந்த பிளக்இன்னாலும் மீட்க முடியாது.

கம்பியின் அதிர்வைச் சிக்னலாக மாற்றும் சாதாரண பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுள்ள செம்புக் கம்பிச் சுருள். அதன் சிக்னல் மெலிந்தது. அதை வாங்கும் இன்புட்டின் மின்மறுப்பு ஏறக்குறைய 1 மெகாஓம் இருக்க வேண்டும். மைக் இன்புட்டில் இது சில ஆயிரம் ஓம்தான், லைன் இன்புட்டில் சில பத்தாயிரம் ஓம். அவற்றில் செருகினால் பிக்கப் மீது பாரம் ஏறி மேல் அதிர்வெண்கள் மங்கும், கம்பளி போர்த்தியதுபோல் ஒலிக்கும். அதனால் இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்ட பொத்தானையோ ‘இன்ஸ்ட்’ என்ற பொத்தானையோ அழுத்தி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தொடங்குபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். லேப்டாப்பின் மைக் துளையில் மாற்றுப் பின் வைத்துச் செருகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கேபிள் நீளமும் இதே கணக்கில் சேரும். மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் மின்தேக்கம் சேர்ந்துகொண்டே போவதால், 10 மீட்டர் கேபிளில் கிட்டாரின் பளிச்சென்ற தன்மை குறைந்துவிடும்.

அடுத்தது லெவல். இன்டர்ஃபேஸில் சிக்னலைப் பெருக்கும் கெயின் குமிழை முழுவதும் இறக்கி வையுங்கள். கிட்டாரில் வால்யூம், டோன் இரண்டும் 10இல். சத்தம் அதிகமான பிக்கப்பைத் தேர்ந்து, பாட்டில் வாசிப்பதைவிடக் கொஞ்சம் பலமாகவே ஆறு கம்பிகளையும் அடியுங்கள். ரீப்பர் மீட்டரில் உச்சம் மைனஸ் 20க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் விழுந்தால் குமிழைத் தொடவே வேண்டாம். அதற்கும் கீழே போனால் மட்டும் உயர்த்துங்கள். 24 பிட் பதிவில் அடித்தள இரைச்சல் மிகக் குறைவு என்பதால் மைனஸ் 18 என்பது பலவீனமான பதிவு ஆகாது. சுழியத்தைத் தொட்டுச் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த உடைசல் நிரந்தரம்.

குமிழை இறக்கி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்ப் மாடல் தனக்கு வரும் லெவலைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். இன்டர்ஃபேஸில் 10 டெசிபல் ஏற்றினால், ஆம்புக்கு முன்னால் 10 டெசிபல் பூஸ்டர் பெடல் வைத்ததற்குச் சமம். ‘இந்த க்ளீன் மாடல் க்ளீனாகவே இல்லை’ என்ற புகார்களில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். என்ஏஎம் புதிய பதிப்புகளில் இன்புட் அளவுத்திருத்த வசதி இருக்கிறது. இன்டர்ஃபேஸ் கையேட்டில் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டின் உச்ச லெவல், குறைந்தபட்ச கெயினில், டிபியூ அலகில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை அங்கே கொடுத்தால், ஆம்ப் கோப்பிலும் அந்தத் தகவல் இருக்கும் பட்சத்தில், மூல ஆம்பில் கிட்டாரைச் செருகியபோது கிடைத்த அதே அழுத்தம் உங்களுக்கும் கிடைக்கும்.

உறுமலும் இரைச்சலும்

இதற்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சாரம்தான்.

முதலில் சீலிங் ஃபேன் ரெகுலேட்டர். வட்டமாகத் திருகும் பழைய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின் அலையை வெட்டி வெட்டி அனுப்புபவை. அந்த வெட்டு ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பில் ‘ஸ்ர்ர்’ என்று ஏறும். ஃபேனை அணைத்துப் பாருங்கள், பிறகு ஃபுல் ஸ்பீடில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இரைச்சல் நின்று, நடுவேகத்தில் மட்டும் வந்தால் குற்றவாளி அதுதான். படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றினால் தீர்ந்தது. மலிவான எல்ஈடி விளக்கும் மொபைல் சார்ஜரும் இதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது லேப்டாப் சார்ஜர். அதைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், பதிவு முடியும்வரை பேட்டரியிலேயே ஓட்டுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு மூன்று பின் சார்ஜர் போட்டு, எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள்.

மூன்றாவது எர்த். கம்பியைத் தொட்டதும் உறுமல் குறைவது இயல்புதான். ஆனால் தொடும்போது சுருக்கென்று உறைத்தால் விளையாட்டல்ல, உடனே நிறுத்துங்கள். துளை மூன்று இருந்தும் பின்னால் எர்த் கம்பி இல்லாத வீடுகள் நிறைய. கடற்கரையோர மணற்பாங்கான மண்ணில் எர்த் குழி கோடையில் காய்ந்து செயலிழப்பதும் உண்டு. எலெக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட் மட்டுமே காட்ட வேண்டும். இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னை உடைப்பது உயிருக்கே ஆபத்து.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது, அது ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் பதிவைத் தள்ளிப்போடுங்கள் அல்லது லேப்டாப் பேட்டரியில் எடுங்கள்.

எல்லாம் சரியானபின் மிஞ்சுவது 50 ஹெர்ட்ஸ் அடிநாத உறுமல். நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஏதோ ஒரு திசையில் அது மிகக் குறையும். அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

தாமதம்

கம்பியைத் தட்டுவதற்கும் ஹெட்போனில் அது கேட்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் தாமதம். பதிவு மென்பொருளை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துவிடுங்கள். என்ஏஎம் கோப்புகள் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸில் உருவானவை. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், தாமதம் குறைந்த ஏஎஸ்ஐஓ டிரைவரையே நிறுவுங்கள். எல்லா ஒலிக்கருவிக்கும் பொதுவான ஏஎஸ்ஐஓ4ஆல் என்பது வேறு வழியில்லாதபோது மட்டும். பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித்துண்டு, 128 சாம்பிள் என்றால் ஒரு திசைக்கு 2.7 மில்லிசெகண்ட். டிரைவரின் பங்கும் சேர்ந்து, போய்வரும் மொத்த நேரம் 10 மில்லிசெகண்டுக்குள் அடங்கினால் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமமான தாமதம் அது. ரீப்பரின் வலது மேல் மூலையில் இந்த எண் தெரியும்.

128இல் ஒலி சிதறினால் லேப்டாப்பின் பவர் அமைப்பை உச்ச செயல்திறனுக்கு மாற்றி, வைஃபையை அணைத்துப் பாருங்கள். பிறகும் சிதறினால் என்ஏஎம் கோப்புகளில் ஸ்டாண்டர்டுக்குப் பதில் கணினிக்குப் பாரம் குறைந்த ஃபெதர் அல்லது நானோ அளவை வைத்து வாசியுங்கள். இறுதி மிக்ஸில் பஃபரை 1024க்கு ஏற்றி ஸ்டாண்டர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட்’ பொத்தான் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது எரிந்தால், வெறும் கிட்டார் ஒலியும் ஆம்ப் ஒலியும் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் சேர்ந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

டிராக்கை அமைத்தல்

ஒரு மோனோ டிராக் திறந்து, இன்புட் 1ஐத் தேர்ந்து, ஆம்ப் பிளக்இன்னை டிராக்கின் எஃப்எக்ஸ் வரிசையில் போடுங்கள். இன்புட் எஃப்எக்ஸில் போட வேண்டாம். டிராக்கின் எஃப்எக்ஸ் வரிசையில் போட்டால் வட்டில் எழுதப்படுவது வெறும் கிட்டார் சிக்னல். காதில் கேட்பது ஆம்ப் ஒலி. இந்த வெறும் சிக்னலை டிஐ என்பார்கள். நாளை ஆம்பை மாற்றத் தோன்றினால் மறுபடி வாசிக்கத் தேவையில்லை. கருவி வைத்திருப்பவர்கள் இதையே யூஎஸ்பி வழியாகச் செய்யலாம். ஹீலிக்ஸில் வெறும் சிக்னல் யூஎஸ்பி 7, 8இலும், எச்எக்ஸ் ஸ்டாம்பில் 5, 6இலும் வரும். ஆம்ப் ஒலி 1, 2இல். இரண்டையும் தனித்தனி டிராக்கில் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள்.

வரிசை இப்படி: ட்யூனர், நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), டிரைவ் பெடல், ஆம்ப், கேபினெட், ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது), கடைசியில் டிலேயும் ரிவெர்பும்.

கேட் அமைக்கக் கம்பிகளைக் கையால் மூடிக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். இரைச்சல் மைனஸ் 65இல் நின்றால் எல்லையை மைனஸ் 60இல் வையுங்கள். வேகமான மெட்டல் ரிஃபுக்கு ரிலீஸ், அதாவது கேட் மூட எடுக்கும் நேரம், 50 மில்லிசெகண்ட் போதும். கமகத்தோடு இழுத்து வாசிக்கும் மெல்லிசைக்கு இந்த அளவு ஆகவே ஆகாது. ஸ்வரம் தேய்ந்துபோகும் அந்தக் கடைசி இழையை கேட் நறுக்கிவிடும். அங்கே ரிலீஸை 300க்கு மேல் கொண்டுபோங்கள், அல்லது கேட்டை எடுத்துவிட்டு, வாசிக்காத இடங்களைப் பின்னால் கையால் வெட்டுங்கள். கையால் வெட்டுவதுதான் எப்போதும் அழகு.

ஆம்பைத் தொடங்கும் இடம்: க்ளீன் என்றால் கெயின் 3, பேஸ் 4, மிட் 5, ட்ரெபிள் 6. தேவாலயப் பாடல்களுக்கான கோர்டுகள், திரைப்பாடல்களின் ஆர்பெஜியோ ஆகியவற்றுக்கு இதுவே அடித்தளம். க்ரஞ்ச் என்றால் கெயின் 5, மிட் 6 அல்லது 7. ஹை கெயின் ஆம்பில் கெயினை 5க்கு மேல் ஏற்றுவதற்குப் பதில் முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடலை வையுங்கள். டிரைவ் 0, டோன் நடுவில், லெவல் முழுவதும். அந்தப் பெடல் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைப்பதால் தடித்த கம்பிகளின் சேறு நீங்கி, கை அடியின் கூர்மை தெளியும். தனியாகக் கேட்கும்போது மிட்டைச் சுழியத்துக்கு இறக்கினால் பிரமாண்டமாகத் தோன்றும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். மிட்தான் கிட்டாரின் வீடு.

கடைசி முனை: கேபினெட்டும் ஐஆரும்

12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகக் குறைந்துவிடும். ஆம்பிலிருந்து வரும் கரகரப்பில் பாதியை அது விழுங்குவதால்தான் கிட்டார் கேட்க இனிக்கிறது. இந்த ஸ்பீக்கர், பெட்டி, மைக் மூன்றின் கூட்டு விளைவைப் பதிந்து வைத்த சிறு ஒலிக்கோப்புதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர்.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். என்ஏஎம் கோப்புகளில் ஆம்ப் தலை மட்டும் பதிந்தவை உண்டு, கேபினெட்டும் மைக்கும் சேர்த்துப் பதிந்தவையும் உண்டு. தலை மட்டும் உள்ள கோப்பை ஐஆர் இல்லாமல் கேட்டால், தகர டப்பாவில் அடைத்த தேனீக்கள்போல் இரையும். சேர்த்துப் பதிந்த கோப்புக்கு மேல் இன்னொரு ஐஆர் வைத்தால், தலையணைக்கு அடியில் வாசிப்பதுபோல் மங்கும். கோப்பின் விளக்கத்தைப் படித்துவிட்டே ஏற்றுங்கள். இதே காரணத்தால்தான் மாடலரை வேறொரு கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகும்போது கேபினெட் பகுதியை அணைக்க வேண்டும்.

தொடங்க ஒன்றே ஒன்று போதும்: செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர் நான்கு உள்ள பெட்டி, ஷ்யூர் எஸ்எம்57 மைக், ஸ்பீக்கரின் நடுத் தொப்பி விளிம்பில். மைக் தொப்பியின் மையத்துக்கு நகர்ந்தால் ஒலி கூர்மையாகும், கூம்பின் ஓரத்துக்கு நகர்ந்தால் இருளும். இந்த நகர்வு தரும் மாற்றம், ஆம்பின் ட்ரெபிள் குமிழ் தரும் மாற்றத்தைவிடப் பெரியது. ஒலி குத்துகிறது என்றால் ட்ரெபிளைத் திருகுவதற்கு முன் ஐஆரை மாற்றுங்கள்.

ஐஆர் தேர்வுக்கு முறை ஒன்று உண்டு. பதிவு செய்த டிஐயில் 8 பார் மட்டும் லூப்பில் ஓட விடுங்கள். டிரம்ஸும் பேஸும் கூடவே ஓடட்டும். நான்கே நான்கு ஐஆர் எடுத்து, நான்கின் சத்த அளவையும் ஒன்றாக்குங்கள். 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே அது ‘நன்றாக இருக்கிறது’ என்று காது ஏமாறும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டு, பத்து நிமிடத்தில் முடிவெடுங்கள். அதற்குமேல் காது களைத்துவிடும், தேர்வும் தவறாகும்.

இரண்டு ஐஆரைக் கலந்தால் மோனோவில் கேட்டுப் பாருங்கள். சேர்த்ததும் ஒலி மெலிந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒன்றின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, திருப்புங்கள். சரியாகவில்லை என்றால் ஒன்றை விட்டுவிடுங்கள். ஒற்றை ஐஆரில் குறை ஒன்றுமில்லை.

கேபினெட்டுக்குப் பின் ஈக்யூவில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். கிட்டாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது; அதற்குக் கீழே இருப்பது பேஸ் கிட்டாருக்கான இடம். மேலே 7 அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் வெட்டுங்கள். 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் விசில்போல் ஒன்று குத்தினால், குறுகிய பட்டையில் 3 டெசிபல் இறக்குங்கள்.

வாசிப்பும் இரட்டைப் பதிவும்

அகலமான ரிதம் ஒலிக்கு ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடப்பக்கமும் மற்றதை முழு வலப்பக்கமும் வையுங்கள். ஒரு பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலம் கிடைக்காது. அது நடுவிலேயே சத்தமாக நிற்கும். இரண்டு வாசிப்புக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசங்கள்தான் அகலத்தை உண்டாக்குகின்றன. இரட்டிக்கும்போது கெயினை ஒன்றரைப் புள்ளி குறையுங்கள். இரண்டு டிராக்கின் கரகரப்பும் கூடிக்கொள்ளும். இரண்டாவதற்கு வேறு பிக்கப்போ வேறு ஐஆரோ வைத்தால் இன்னும் விரியும்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூன் செய்யுங்கள். ஏசி அறைக்குள் வந்த கிட்டார் 20 நிமிடத்துக்கு நிலைகொள்ளாது. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம்போல் உப்புக்காற்று நேரே அடிக்கும் இடங்களில் கம்பி சீக்கிரம் துரு ஏறும். துருவேறிய கம்பியின் மந்தமான ஒலியை ஈக்யூவால் பளிச்சிட வைக்க முடியாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடையுங்கள். பூச்சு பூசிய கம்பிகள் விலை கூடினாலும் இங்கே நெடுநாள் உழைக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஜாக்கைத் திருப்பும்போது ‘கரக்’ என்றால் உள்ளே துரு. கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி தொடங்கியதும் சுவர் பிளக்கை மட்டுமின்றி யூஎஸ்பி கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

கேட்கும் சத்தம்

குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் குறைவாகவே கேட்கும். இரவு 11 மணிக்கு மெல்லக் கேட்டு பேஸை ஏற்றி அமைத்த டோன், காலையில் ஸ்பீக்கரில் பானைக்குள் அடிப்பதுபோல் உறுமும். டோன் முடிவுகளைப் பகலில், சாதாரணமாகப் பேசுவதைவிடச் சற்றே உரத்த சத்தத்தில் எடுங்கள். இரவை வாசிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். டிஐ இருப்பதால் இந்தப் பிரிவினைக்குத் தடையே இல்லை.

கோப்புகளைப் பாதுகாத்தல்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ பதிவு நிமிடத்துக்கு 8.6 எம்பி. 4 நிமிடப் பாடலின் ஒரு டிஐ டிராக் 35 எம்பிதான். அதனால் எதையும் அழிக்க வேண்டாம். ரீப்பரில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 5 நிமிடமாக வையுங்கள். பாடல் முடிந்ததும் டிஐயையும் ஆம்ப் ஒலியையும் பாடலின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும் தனித்தனி வேவ் கோப்புகளாக எழுதிக்கொள்ளுங்கள். எம்பி3 கோப்பைக் கேட்கக் கொடுங்கள், மிக்ஸ் செய்பவருக்குக் கொடுக்க வேண்டாம். கோப்பின் பெயரிலேயே பாடல், வேகம், ட்யூனிங், பிக்கப் நான்கையும் எழுதுங்கள்: ‘மழைப்பாட்டு, 92, டிராப் டி, பிரிட்ஜ், டிஐ, இடது’. பயன்படுத்திய என்ஏஎம் கோப்பையும் ஐஆரையும் அதே கோப்புறைக்குள் நகலெடுத்து, ஒரு பிரதியை வெளி வட்டில் வையுங்கள். வேறு கணினியில் திறக்கும்போது ‘ஐஆர் காணவில்லை’ என்ற செய்தி வராது.